விளக்கொளிக்கு ஒரு வில்லை

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலைக் கண்ணாரக் கண்டவர்களுக்கு நான் அதனை வருணிக்க வேண்டியதில்லை. காணாதவர்களுக்கு எத்துணை வருணித்தாலும் போதாது. முல்லைத்தீவுக் கடலிலே தீர்த்தமெடுத்து, அதனை முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலுக்குக் கொணர்ந்து, அந்த உப்புநீரையே நெய்யாக வார்த்து விளக்கெரிப்பார்கள். ஒரு வாரம் கழிந்தபின் ஞாயிறன்று அங்கே பொங்கல். மறுநாள் திங்கள் இரவு வற்றாப்பளையிலே பொங்கல். அந்த இரவிலே நந்திக்கடலின் ஓரமெங்கும் அடுப்பும் புகையும் விளக்குமாக இருக்கும். எங்கள் வீடு முள்ளியவளையில் இருப்பதனால், நடக்கத் தெரிந்த நாள்முதலாக நான் அங்கே போய்வருகிறேன். ஊரை விட்டு ஓடிய ஆண்டுகள் மட்டுமே விலக்கு.

2023ஆம் ஆண்டுப் பொங்கலன்று என் தாயாரை ஒரு படம் எடுத்தேன். அப்பொழுது அவருக்கு வயது 84. அடுப்பருகே குந்தியிருந்து பானையின் வாயிலே பால் பொங்கி எழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொறன்ரோவிலிருக்கும் தம்பி, தான் பாவித்துக் கைவிட்ட நிக்கோன் டி 750 கமராவை எனக்கு அனுப்பியிருந்தான். அதனோடு வந்த சூம் வில்லையை மாட்டி, இருட்டாயிருக்கிறதே என்று மின்வெட்டொளியையும் பொருத்தி, ஒரே தட்டில் எடுத்து முடித்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, நான் இருக்கிறன். பானை இருக்குது. விளக்கு எங்கையடா?"

விளக்கு இருந்தது. வெள்ளைவெளேரென்ற மின்வெட்டொளியின் முன்னே அது மஞ்சள் மாச்சிட்டது போல ஒரு புள்ளியாகச் சுருங்கிவிட்டது. அம்மாவின் முகமோ அரிசிமாப் பூசியது போலிருந்தது. பின்னாலே நூறு அடுப்புகள் எரிந்த இடத்தில் கரிய இருள். பொங்கல் இரவில் எடுத்த படமன்று அது. யாரோ ஒரு கிழவியைத் திருடனென்று எண்ணி ரோச் லைற் அடித்துப் பிடித்த படம்.

இதனால் நான் ஏன் அத்தனை வருந்தவேண்டும் என்று வாசகர் கேட்கக்கூடும். காரணம் உண்டு. எங்கள் தகப்பனார் படப்பிடிப்பாளர். முல்லைத்தீவில் ஒரு சிறு படப்பிடிப்பு நிலையம் நடத்தியவர். தொண்ணூறுகளில் வன்னிக்குப் பற்றரி வர அனுமதியில்லாதிருந்த காலத்தில், அவருடைய நிக்கோன் எஃப்.எம். 2 கமரா தடையின்றி வேலை செய்தது. அதன் திரை சுருள்வில்லால் இயங்குவது. பற்றரி வேண்டியது ஒளியை அளக்கும் மானிக்கு மாத்திரமே. ஒளியை அவர் கண்ணால் அளந்தார். ஆனால் பொங்கல் இரவை அவர் ஒருநாளும் எடுத்ததில்லை. "இந்த ஃபிலிமுக்கு இந்த வெளிச்சம் காணாது" என்று சொல்லிக் கமராவை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருப்பார். அவர் எடுத்த மற்றப் படங்களும் நெகடிவ்களும் ஒரு தகரப் பெட்டியிலே இருந்தன. அப்பெட்டியை 2009ஆம் ஆண்டு சித்திரையில் புதுமாத்தளன் மணலிலே விட்டுவிட்டு நீரேரியைக் கடந்தோம். பெட்டியைத் தூக்கினால் அம்மாவைத் தூக்க முடியாது; ஆதலின் அதுபற்றி எனக்கு வருத்தமில்லை. ஆயினும், மணப்பெண்ணாகவும் கைக்குழந்தையோடும் அம்மா இருந்த படம் ஒன்றேனும் இன்று எங்களிடம் இல்லை. இருப்பது அடையாள அட்டைப் படமும், நான் எடுத்த அந்த அரிசிமாப் படமுந்தான்.

நிற்க. மின்வெட்டொளி இல்லாமல், அடுப்பும் விளக்கும் தரும் வெளிச்சத்திலேயே படம் எடுக்கவேண்டும் என்று தீர்மானித்தேன். என் மகள் தன் கைத்தொலைபேசியைக் காட்டி, "அப்பா, இதிலை இரவுக்கெண்டே ஒரு முறை இருக்கு" என்றாள். எடுத்தும் பார்த்தோம். அசையாத குத்துவிளக்கை அது மிக அழகாக எடுக்கிறது. அதனை நான் மறுக்கவில்லை. பல படங்களைத் தொடர்ந்தெடுத்து ஒன்றாக இணைப்பது அதன் தந்திரம். ஆனால் அம்மா புகையை விலக்கக் கையை வீசினாரோ, அவ்வளவுதான். கை முழுதும் கரைந்து மோராகிவிட்டது.

ஆகவே வேண்டியது வேகமான வில்லை. படத்தொழிலில் 'வேகம்' என்றால் ஓட்டமன்று. ஒளியை உண்ணும் வாயின் அகலம். துவார எண் குறையக் குறைய வாய் பெரிதாகும். எண் 2.8 உள்ள வில்லையைவிட எண் 2 உள்ளது இருமடங்கு ஒளியை ஏற்கும், எண் 1.4 உள்ளது அதற்கும் இருமடங்கு. ஐ.எஸ்.ஓ. 3200 என்று கமராவின் உணர்திறனை வைத்துக்கொண்டால், விறகடுப்பின் வெளிச்சம் படும் முகத்துக்கு எண் 2இல் ஒரு விநாடியின் 60இல் ஒரு பங்கு போதும். என் சூம் வில்லை எண் 3.5க்குக் கீழே இறங்காது. உருவை அண்மையாக்கினால் 4ஐயும் தாண்டிவிடும். அதற்கு 15இல் ஒரு பங்கோ 20இல் ஒரு பங்கோ வேண்டும். அதற்குள் பால் பொங்கி வழிந்துவிடாது என்பது உண்மையே. ஆனால் பொங்குவதைப் பார்க்கும் முகம் அசைந்துவிடும்.

அகலமான கோணமும் வேண்டும். பொங்கல் வெளியிலே பின்னோக்கி இரண்டடி வைத்தால் வேறொருவருடைய அடுப்பிலே கால் வைக்கநேரும். முகத்துக்கு ஏற்ற நீண்ட வில்லைகள் அங்கே உதவா. அண்மையில் நின்றபடியே அம்மாவும் பானையும் விளக்கும் பின்னாலுள்ள அடுப்புகளும் ஒருங்கே தெரியவேண்டும். 35 மி.மீ. வில்லை ஏறத்தாழ 63 பாகைக் கோணத்தைப் பார்க்கும், 28 மி.மீ. 75 பாகை, 24 மி.மீ. 84 பாகை. 24ஐ நான் தொடக்கத்திலேயே கைவிட்டேன். அதன் ஓரத்தில் அகப்பட்ட முகம் பூசணிக்காய் போல ஒருபக்கம் இழுபட்டுவிடும். அயலவரின் மனைவிமாரைப் பூசணிக்காயாக்கினால் ஊரில் குடியிருக்க முடியாது.

வேகமும் அகலமும் ஒரே வில்லையில் அமைவது எளிதன்று. இதற்கான காரணத்தைத் தகப்பனார் ஒருமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். இவ்வகைக் கமராக்களில் வில்லைக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி சாய்ந்து நின்று, படமெடுக்கும்போது மேலே எழும். அதற்கு இடம் விடவேண்டும். நிக்கோனில் வில்லை பொருந்தும் வளையத்திலிருந்து ஃபிலிம்வரை 46.5 மி.மீ. தூரம். சாதாரண அமைப்பில் 28 மி.மீ. வில்லை ஃபிலிமிலிருந்து ஏறத்தாழ 28 மி.மீ. தூரத்தில் இருக்கவேண்டும், அப்படியானால் கண்ணாடி எழும்போது அதிலே முட்டிவிடும். 1950ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுப் பியேர் ஆஞ்செனியூ இதற்கு வழி கண்டார். ஒளியை விரிக்கும் கண்ணாடியொன்றை வில்லையின் முகப்பிலே வைத்து, உரு விழும் இடத்தைப் பின்னே தள்ளி, 35 மி.மீ., துவார எண் 2.5 உள்ள வில்லையொன்றை விற்பனைக்கு விட்டார். 'ரெட்ரோஃபோக்கஸ்' என்று அவர் இட்ட பெயர் இன்று அவ்வினத்துக்கே பெயராயிற்று. வழி கண்டார் என்றாலும் விலையும் உண்டு. கண்ணாடிகளின் தொகை கூடும், பாரம் கூடும், ஓரங்களில் உரு கெடும், கிட்டத்தில் குவித்தால் இன்னும் கெடும். கிட்டத்துக் கேட்டைக் குறைக்க, குவிக்கும்போது உள்ளே ஒரு பகுதி தனியே நகரும் அமைப்பை 1967ஆம் ஆண்டில் நிக்கோன் நிறுவனத்தார் தம் 24 மி.மீ. வில்லையில் புகுத்தினர்.

தானே குவிக்கும் புதிய வேகவில்லைகள் இவற்றையெல்லாம் நன்றாகவே தீர்த்திருக்கின்றன. எனக்கு அவற்றின்மீது பகையில்லை, விலையின்மீதுதான் பகை. 2022ஆம் ஆண்டில் டொலருக்கு 200 ரூபா அளவில் நின்ற எங்கள் நாணயம் சில மாதங்களிலே 360 ரூபா அளவுக்கு வீழ்ந்த கதையை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். ஓய்வூதியம் பெறும் ஆசிரியன் புதுவில்லையின் விலையை வாசித்துப் பார்க்கலாம். அதற்குமேல் ஒன்றுஞ் செய்ய இயலாது. தம்பி வாங்கி அனுப்புவதாகச் சொன்னான். கமராவை ஏற்கெனவே வாங்கிக்கொண்டவன் வில்லையையும் வாங்கினால், படமும் அவனுடையதாகிவிடும் என்று எனக்கொரு வீண்கௌரவம். ஆகவே கையால் குவிக்கும் வில்லையைத் தேடத் தொடங்கினேன்.

கிளிநொச்சியில் கலியாணப் படமெடுக்கும் என் பழைய மாணவன் ஒருவன் சாம்யாங் என்னும் கொரியநாட்டு 35 மி.மீ. வில்லையை இரவலாகத் தந்தான். துவார எண் 1.4. கையாலேயே குவிக்கவேண்டும். விலையும் பெரிய நிறுவனங்களின் விலையன்று. வேண்டுமானால் குறைத்துத் தருவதாகச் சொன்னான். "சேர், இதைவிட வெளிச்சம் உங்களுக்கு எதுக்கு?" என்றான். நியாயமான கேள்வி. ஆனால் அதன் பாரம் ஏறத்தாழ 660 கிராம். முகப்பு வடிகண்ணாடி 77 மி.மீ. கமராவில் மாட்டியபோது சிறு உரலைக் கழுத்தில் தொங்கவிட்டதுபோலிருந்தது.

வவுனியாவில் கடையை மூடிக்கொண்டிருந்த முதிய படப்பிடிப்பாளர் ஒருவரிடம் பழைய நிக்கோர் வில்லைகள் இருப்பதாக அறிந்து, நெடுங்கேணி, புளியங்குளம் வழியாகப் பஸ்ஸேறினேன். அவர் என் தகப்பனாரை அறிந்தவர். மேசைமேல் மூன்று வில்லைகளைப் பரப்பினார். முதலாவதை எடுத்ததும், "மாஸ்டர், அதை உங்கடை கமராவிலை போடவேண்டாம்" என்று தடுத்தார். அது 1977ஆம் ஆண்டுக்கு முற்பட்ட வளையம் உள்ளது. புதிய கமராவின் விளிம்பிலுள்ள சிறு நெம்பை முறித்துவிடும். விற்க வந்தவர் வாங்க வந்தவனை எச்சரித்தது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டாவதில் ரோச் லைற்றைப் பின்னாலிருந்து பாய்ச்சிப் பார்த்தால், சிலந்திவலை போலப் பூஞ்சணம். எங்கள் நாட்டு வில்லைகளைக் கொல்லுவது பெரும்பாலும் இதுவே. தகப்பனார் வறுத்த அரிசியிட்ட தகரத்துக்குள் வில்லையை வைப்பார். ஈரத்தை அரிசி வாங்கிக்கொள்ளும். பூஞ்சணத்தைத் துடைத்தாலும் அது கண்ணாடியின் பூச்சை அரித்த தடம் போகாது.

மூன்றாவது, 28 மி.மீ., துவார எண் 2. ஒன்பது கண்ணாடிகள், உள்ளே நகரும் அமைப்பும் உண்டு, பாரம் சாம்யாங்கின் ஏறத்தாழ அரைவாசி. ரோச் லைற்றில் இரண்டொரு தூசி தெரிந்தது, பூஞ்சணம் இல்லை. துவாரத் தகடுகளில் எண்ணெய்க் கசிவில்லை. குவிக்கும் வளையம் தேனிலே சுழலுவதுபோலச் சுழன்றது. முகப்பின் கறுப்பு மை தேய்ந்து உலோகம் தெரிந்தது. அது குற்றமன்று, அது உழைத்தது என்பதற்கு அடையாளம். 45,000 ரூபா கேட்டார். ஒரு வாரம் பரீட்சித்துப் பார்க்கத் தந்தார். ஈடு வேண்டியதில்லை என்றார்.

வீட்டிலே அந்த 45,000 ரூபாவுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருந்தது. கிணற்று மோட்டர் பழுதாகி ஒரு மாதம். "இஞ்சாருங்கோ, வில்லை தண்ணி இறைக்குமோ?" என்று மனைவி கேட்டாள். நான் விடை சொல்லவில்லை. மறுநாள் அதிகாலையில் எழுந்து, தொட்டி நிறையக் கையால் தண்ணீர் இறைத்துவைத்தேன். அவள் அதற்குப்பின் அதைப்பற்றிப் பேசவில்லை. பேசாமையைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டேன்.

ஏழு இரவுகள் இரு வில்லைகளையும் முற்றத்தில் பரீட்சித்தோம். மகள் மண்ணெண்ணெய்க் குப்பிவிளக்குகளை வரிசையாக ஏற்றிவைப்பாள்; ஓரங்களில் ஒன்று, நடுவில் ஒன்று. சாம்யாங் நடுவிலும் ஓரத்திலும் தெளிவாகவே காட்டியது. உண்மையைச் சொல்வதானால், கண்ணாடியின் தரத்தில் அது மேலானது. நிக்கோரிலோ, துவாரத்தை முழுக்கத் திறந்தால் மூலையிலுள்ள விளக்குச்சுடர் புள்ளியாக நில்லாமல் சிறகு விரித்த பறவை போலாயிற்று. வில்லை செய்வோர் இதனைக் 'கோமா' என்பர். எண் 2.8க்கு மூடினால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் எண் 2.8க்கு மூடுவதற்காகவா எண் 2 வாங்குவது?

இருந்தும் தீர்ப்பு வேறு இடத்திலிருந்து வந்தது. எனக்கு வயது 61. வெள்ளெழுத்து. இக்காலக் கமராக்களின் பார்வைத் திரை வெளிச்சமாயிருக்கச் செய்யப்பட்டது, கையால் குவிப்பதற்கன்று. தகப்பனாரின் கமராவில் உரு நடுவே இரண்டாகப் பிளந்து, குவிந்ததும் ஒன்றாகும் வட்டம் ஒன்றிருந்தது. இதில் இல்லை. கீழே ஒரு புள்ளி குவிந்ததென்று சொல்லும். புகை நடுவே வந்தால் அதுவும் தடுமாறும். ஆதலின் தூரத்தை அளந்து வளையத்தில் வைப்பதே வழி. அப்படி வைக்கும்போது பிழைக்கு எவ்வளவு இடம் உண்டு என்பதே கேள்வி. இரண்டு மீற்றரில் குவித்தால், 35 மி.மீ. வில்லை எண் 1.4இல் ஏறத்தாழ 1.87 முதல் 2.15 மீற்றர் வரைதான் தெளிவாகக் காட்டும். அரை முழத்துக்குச் சற்று மேல். 28 மி.மீ. எண் 2இல் 1.73 முதல் 2.36 வரை, ஏறத்தாழ ஒன்றரை முழம். அடுப்பருகே அம்மா முன்னே குனிந்து விறகைத் தள்ளுவதும் பின்னே சாய்வதும் ஒரு முழத்துக்குள் நடக்கும். சாம்யாங்கில் பானை தெளியும், அம்மா கரைவார். அல்லது காது தெளியும், கண் கரையும். இருமடங்கு ஒளிக்காக அந்த ஒரு முழத்தை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்கப் படநெறியாளர் ஸ்டான்லி குப்ரிக் 1975ஆம் ஆண்டில் வெளிவந்த 'பாரி லிண்டன்' படத்துக்காக மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் காட்சிகளை எடுத்தார். அமெரிக்க விண்வெளி நிறுவனத்துக்காகச் செய்யப்பட்ட துவார எண் 0.7 உள்ள ஸைஸ் வில்லையை அதற்குப் பயன்படுத்தினார். 50 மி.மீ. கோணம் போதாமையால் முன்னே இன்னொரு கண்ணாடி பொருத்தி அகலமாக்கினார். ஆனால் தெளியும் இடம் அத்தனை மெல்லியதாக இருந்ததால், அக்காட்சிகளில் நடிகர்கள் பெரும்பாலும் அசையாமலே இருக்கவேண்டியதாயிற்று. என் தாயாரை அசையாதிருக்கச் சொல்ல என்னால் இயலாது. சொன்னாலும் அடுப்பு கேளாது.

வவுனியாவுக்குப் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாணவனிடம் அவனுடைய உரலைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் சிரித்தான், கோபிக்கவில்லை.

பின்பு பயிற்சி. தும்புக் கயிறொன்றில் ஒன்றரை, இரண்டு, மூன்று மீற்றரில் முடிச்சிட்டேன். பகலிலே மகளை நிறுத்தி, கமராவின் பின்திரையில் உருவைப் பெரிதாக்கிக் குவித்து, ஒவ்வொரு முடிச்சுக்கும் வளையம் எங்கே நிற்கிறது என்று பார்த்து, வெள்ளைப் பூச்சால் மூன்று சிறு புள்ளிகள் இட்டேன். கமராவின் நிரலில் வில்லையின் பெயருக்குப் பதிலாக 28 என்றும் 2 என்றும் எண்களைப் பதித்துக்கொண்டால், இந்தப் பழைய வில்லையோடும் ஒளிமானி ஒழுங்காக அளக்கும். இருட்டில் விரலாலேயே வளையத்தைப் புள்ளிக்குக் கொண்டுவரப் பழகினேன். சுவரும் மாட்டுக்கொட்டிலும் நாயும் நூற்றுக்கணக்கில் படமாயின. நாய் மட்டும் குப்ரிக்கின் நடிகர் போல அசையாதிருந்தது.

2024ஆம் ஆண்டு வைகாசித் திங்கள் இரவு. மூலத்தானத்தை நான் எடுப்பதில்லை; வெளியிலுள்ள அடுப்புகளோடு என் வேலை. அம்மா குந்தியிருந்தார். நான் கயிற்றின் ஒரு தலைப்பை மகளிடம் கொடுத்து, அம்மாவின் கன்னத்தருகே பிடிக்கச் சொன்னேன். "என்னடா, எனக்குச் சட்டை தைக்கவோ அளக்கிறாய்?" என்று அம்மா கேட்க, அயலடுப்புப் பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குமுன் எடுக்கத் தொடங்கினேன்.

அம்மாவுக்குப் பக்கத்திலிருந்த சிறுவனொருவனுக்கு ஒரு மூதாட்டி அம்மனின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மாடு மேய்க்கும் சிறுவர்களிடம் கிழவி வடிவில் வந்து பொங்கச் சொன்னதும், எண்ணெய் இல்லையென்று அவர்கள் சொல்லக் கடல்நீரில் விளக்கேற்றச் சொன்னதும், பேன் பார்க்கச் சொல்லித் தலையைக் காட்டியபோது தலை நிறையக் கண்கள் இருந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதையே. அன்றைக்கு, ஒரு கண்ணைக் குவிப்பதற்கே திண்டாடிக்கொண்டிருந்த எனக்கு, அக்கதை சற்றுப் பொறாமையை உண்டாக்கியது.

160 படங்கள் எடுத்தேன். வீட்டில் பார்த்தபோது 11 தெளிவாயிருந்தன. மற்றவற்றில் அம்மா முடிச்சை விட்டு நகர்ந்திருந்தார். அல்லது நான் நகர்ந்திருந்தேன். அந்தப் பதினொன்றிலே ஒன்று. அம்மா இடக்கையால் புகையை மறைத்தபடி, கண்ணை இடுக்கிப் பானையைப் பார்க்கிறார். நெருப்பின் வெளிச்சம் கையின் நரம்புகள்வரை தெரிகிறது. பின்னாலே எட்டோ ஒன்பதோ அடுப்புகள், அவற்றைச் சுற்றி மனிதர்கள், அவர்களுக்கும் அப்பால் நந்திக்கடலின் கரிய கோடு. வலப்பக்கத்து ஓரத்தில் ஒரு மண்விளக்கு. கண் முற்றாகத் தெளிவில்லை. தோடுதான் மிகத் தெளிவு. தகப்பனார் இருந்திருந்தால் அதனைச் சுட்டிக்காட்டாமல் விட்டிருக்கமாட்டார்.

முல்லைத்தீவில் பெரிதாக அச்சிட்டு அம்மாவிடம் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு முதலில் தன்னைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு அடுப்பாக விரல்வைத்து அது யாருடையது என்று சொல்லிக்கொண்டு போனார். கடைசியில் விரல் வலப்பக்கத்து ஓரத்தில் நின்றது.

"இதென்ன மோனை, விளக்குக்குச் செட்டை முளைச்சிருக்கு?"

வில்லையின் ஓரக்கேட்டைப் பற்றியும், எண் 2.8க்கு மூடியிருந்தால் அது அடங்கியிருக்கும் என்பதைப் பற்றியும் நான் விளக்கத் தொடங்கினேன். அம்மா கையமர்த்தினார்.

"உப்புத் தண்ணியிலை எரியிற விளக்குக்குச் செட்டை முளைச்சால் என்ன?" என்றார்.

படம் இப்பொழுது சாமியறைக்கு வெளியே, கூடத்துச் சுவரில் தொங்குகிறது. தம்பிக்கு அதன் பிரதி அனுப்பினேன். தானும் அப்படியொரு வில்லை வாங்கப்போவதாகவும், ஆனால் 24 மி.மீ. வாங்கப்போவதாகவும் எழுதியிருக்கிறான். பூசணிக்காய்களைப் பற்றி அவனுக்கு விரிவாக எழுதவேண்டும். கிணற்று மோட்டரைத் திருத்த நாளைக்கு ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறான். மனைவிக்கு அதில் நம்பிக்கையில்லை.